கேட்டுக்குள்ளே அரசாங்கத்துக்கு என்ன வேலை?

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் மிக்சர் கொடுப்பவர். மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து குப்பையைத் தரம் பிரிக்கிறோமா என்று பார்க்கணும் என்று கேட்டில் நின்றபோது, "இது பிரைவேட் பிராப்பர்ட்டி, கவர்மென்ட்டுக்கு இங்கே என்ன வேலை?" என்று எழுதினார். மூன்றே வாரத்தில் மழை பெய்து உள்ரோடு குழியானதும் அதே மனிதர், "சொத்து வரி கட்டுறோமே, கார்ப்பரேஷன் ஏன் உள்ளே வந்து ரோடு போடலை?" என்று எழுதினார். இரண்டுக்கும் முப்பது நாற்பது கட்டைவிரல் விழுந்தது. இரண்டாவதில் என்னுடையதும் ஒன்று.

அப்புறம் இரண்டு வருஷம் சங்கச் செயலாளராக மாட்டிக்கொண்டு, பதிவாளர் அலுவலகம், மண்டல அலுவலகம், ஆடிட்டர் என்று அலைந்த பிறகுதான் அந்த இரண்டு வாக்கியமுமே தப்பு என்று எனக்கு உறைத்தது. கேட்டட் கம்யூனிட்டி, அதாவது சுற்றுச்சுவரும் கேட்டும் வைத்த குடியிருப்பு, என்றால் அரசு நுழையாத தனி ராஜ்ஜியம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பேர் அது சுவர் வைத்த ஒரு தெரு, மற்ற தெருவுக்கு நடப்பதெல்லாம் இதற்கும் நடக்கணும் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டை, குறிப்பாகச் சென்னையையும் அதன் ஓரங்களையும் வைத்து, உண்மையில் எப்படி இருக்கிறது என்று எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். வக்கீல்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

கையில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் யார் பேரில் இருக்கிறது? ரோடோ, பூங்காவோ, குழாயோ, எதைப் பற்றிக் குழப்பம் வந்தாலும் முதலில் இதைக் கேட்டால் பாதி அவிழ்ந்துவிடும்.

பங்குக் கிணற்றிலிருந்து ஆரம்பிப்போம்

கிராமத்துப் பக்கம் போனவர்களுக்குப் பங்குக் கிணறு தெரிந்திருக்கும். நான்கு பங்காளிகள், ஆளுக்கொரு வயல், நடுவில் ஒரே கிணறு. வயல் அவரவருக்கு, கிணறு நாலு பேருக்கும். திங்கள் செவ்வாய் இவர் இறைக்கலாம், புதன் வியாழன் அவர் இறைக்கலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். மோட்டார் எரிந்தால் பங்குப்படி பணம் போட்டு காயில் கட்டுவார்கள். யாராவது ஒருத்தர் பணம் தராமல் இழுப்பார், அதுவும் எல்லா ஊரிலும் உண்டு.

இதில் அரசு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பது பத்திரத்தில் இருக்கிறது, அந்தப் பத்திரத்தைப் பதிந்து வைத்திருப்பது அரசு. மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது மின்வாரியம். அடிதடி ஆனால் போலீஸ், பங்கு வழக்கு என்றால் கோர்ட். ஆனால் புதன்கிழமை யார் இறைப்பது என்று தாசில்தார் வந்து சொல்ல மாட்டார். மோட்டாருக்கு காயில் கட்டிக் கொடுக்கவும் மாட்டார்.

அடுக்ககமும் இதேதான், பங்காளிகள் நாலு பேருக்குப் பதில் நானூறு பேர், அதுவும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாதவர்கள். பங்கை அரசு எழுதி வைக்கிறது, சில பொருள்களை வெளியிலிருந்து தருகிறது அல்லது கட்டுப்படுத்துகிறது, சண்டையைத் தீர்க்க ஓர் இடம் வைத்திருக்கிறது. நடத்துவது நாம்.

உங்கள் வீடு, உங்கள் பங்கு, எல்லாருடைய லிஃப்ட்

ஃபிளாட் வாங்கும்போது உங்கள் பத்திரத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்களுக்கு இத்தனை சதுர அடி, ஆனால் எந்த மூலை என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது என்று அர்த்தம். இரண்டு ஏக்கர் நிலத்தில் 120 வீடு என்றால், ஏக்கருக்கு 43,560 சதுர அடி, மொத்தம் 87,120, எல்லா வீடும் ஒரே அளவாக இருந்தால் தலைக்கு 726 சதுர அடி. அந்த 726-ம் மாடிப்படிக்கு அடியிலும் இருக்கிறது, நீச்சல் குளத்துக்கு அடியிலும் இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே, சுற்றுச்சுவருக்கு உள்ளே இருக்கிற லிஃப்ட், படி, மொட்டைமாடி, கார் போகும் வழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொதுப் பகுதி. பங்குதாரர்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொந்தம், ஆகவே பராமரிக்கும் செலவும் அவர்களுடையது. உள்ரோட்டுக் குழியை மாநகராட்சி மூடாததற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று நினைக்காதீர்கள், தன் பேரில் இல்லாத இடத்தில் பொதுப்பணத்தைக் கொட்டினால் தணிக்கையில் அவர்கள் மாட்டுவார்கள்.

சரி, சொத்து வரி எதற்கு? உங்கள் கட்டடத்துக்கு விதிக்கிற வரி அது. வெளியே பெரிய ரோடு, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பைக் கிடங்கு என்று ஊர் முழுக்க ஆகிற செலவுக்குப் போகிறது, உள்ளே வந்து சேவை செய்வதாக எழுதிக்கொடுத்த சந்தா ரசீது கிடையாது. "அப்போ ரெண்டு தடவை கட்டுறோமா, வரி ஒன்று, மெயின்டனன்ஸ் ஒன்று?" என்று கேட்டால், ஆமாம், ஒரு விதத்தில் அப்படித்தான். சுவரும் கேட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதற்கு அதுவும் ஒரு விலை.

எல்லா கேட்டும் ஒரே கேட் இல்லை

மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வகை, ஒரே நிலத்தில் கட்டிய அடுக்ககங்கள் அல்லது சேர்ந்தாற்போல் கட்டிய வீடுகள். நிலம் பிரிக்கப்படவில்லை, எல்லாருக்கும் யூடிஎஸ். வரைபடத்தில் வேறு மாதிரி குறிக்காதவரை உள்ளே கார் போகிற வழி பொதுப் பகுதி, அதாவது தனியார் சொத்து. கேட் போடலாம், ஆள் வைக்கலாம், யார் என்று கேட்கலாம்.

இரண்டாவது வகை, மனைப்பிரிவு, நாம் லே-அவுட் என்று சொல்வது. ஒரு பெரிய நிலத்தை மனை மனையாகப் பிரித்து, ரோடு விட்டு, தனித்தனியாக விற்கிறார்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), வெளியே என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம். அங்கீகாரம் கைக்கு வருவதற்கு முன்னால் அந்த ரோடுகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தானப் பத்திரம் என்றால் பெயருக்கேற்றபடி, விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவான நாளிலிருந்து அந்த ரோடு ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தம், பால்காரர் முதல் பக்கத்து ஊர்க்காரர் வரை யாரும் நடக்கலாம்.

ஆனால் விளம்பரம் என்ன சொல்கிறது? "24 மணி நேரப் பாதுகாப்புடன் கேட்டட் கம்யூனிட்டி வில்லா மனைகள்." பெரிய வளைவு, அதில் பொன்னிற எழுத்து, கீழே ஒரு கேட், ஒரு நாற்காலி, அதில் செக்யூரிட்டி. அந்த கேட் பொது ரோட்டின் குறுக்கே நிற்கிறது! என் உறவினர் ஒருத்தர் தாம்பரம் தாண்டி இப்படி ஒரு மனை வாங்கி வீடும் கட்டினார். பின்பக்கம் இருந்த ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழியாக அந்த ரோட்டில்தான் வருவார்கள். சங்கம் கேட்டைப் பூட்டியது. ஊர்க்காரர்கள் ஊராட்சியில் மனுக் கொடுத்தார்கள், ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து பூட்டை எடுத்துவிட்டுப் போனார்கள். "காசு கொடுத்து வாங்கின ரோடு" என்று என் உறவினர் இன்றைக்கும் சொல்கிறார். ரோட்டை அவர் வாங்கவே இல்லை, மனையை மட்டும்தான் வாங்கினார், ரோடு அதற்கு முன்பே தானமாகப் போய்விட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ரோடு ஊராட்சியுடையது என்றால் அதைப் போட்டுத் தர வேண்டியதும் விளக்கு எரியவிட வேண்டியதும் ஊராட்சிதான். அதைக் கேட்கிற உரிமை முழுக்க உங்களுக்கு இருக்கிறது. கேட்டையும் பூட்டி வைத்துக்கொண்டு ரோடும் போட்டுத் தரச் சொன்னால்தான் சிக்கல்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால்: அடுக்ககத்து உள்வழி பங்குதாரர்களுடையது, பூட்டலாம், செலவு நம் தலையில். மனைப்பிரிவு ரோடு உள்ளாட்சியுடையது, பூட்ட முடியாது, செலவு அவர்கள் தலையில். எது என்று வளைவைப் பார்த்துத் தெரியாது, அங்கீகரித்த வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பூங்காவுக்கு யார் சாவி வைத்திருக்கிறார்கள்?

ஓஎஸ்ஆர் என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய நிலத்தில் கட்டுகிறவர் அதில் ஒரு பாகத்தை ஊருக்கு விட வேண்டும் என்கிற விதி. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, நிலம் 3,000 சதுர மீட்டர் வரை இருந்தால் ஒன்றும் விட வேண்டாம். 3,000-லிருந்து 10,000 வரை என்றால் ரோட்டுக்குப் போன இடம் நீங்கலாக 10 சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு அரசு வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே கொடுக்கணும், அதுவும் தானப் பத்திரம் வழியாக.

மூன்று ஏக்கர் என்றால் சுமார் 12,140 சதுர மீட்டர். அதில் பத்து சதவீதம், ரோட்டைக் கழிக்காமல் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தரை கிரவுண்டு. சென்னையில் ஐந்தரை கிரவுண்டு என்றால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும், அந்த நிலத்தை அவ்வளவு லேசில் யாரும் மனசுவந்து விட மாட்டார்கள்.

அதனால் என்ன நடக்கும்? பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிடும், நிலம் சுவருக்கு உள்பக்கமே இருக்கும். ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்து, நடைபாதைக் கல் பதித்து, "குடியிருப்போருக்கு மட்டும்" என்று பலகை மாட்டிவிடுவார்கள். வீடு வாங்க வருகிறவரிடம் "சார், இது நம்ம பார்க்" என்று காட்டுவார்கள். பத்து வருஷம் கழித்து மாநகராட்சி வந்து சுவரை இடித்துத் தெருப் பக்கம் வாசல் வைக்கும்போது, உள்ளே இருப்பவர்கள் ஏதோ தங்கள் வீட்டு ஹாலை எடுத்துக்கொண்ட மாதிரி பதறுவார்கள். சென்னை மாநகராட்சி இப்படிப் பல ஓஎஸ்ஆர் இடங்களை மீட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு, பொய் சொன்னது பில்டர், இவர்கள் இல்லை. ஆனால் இடம் இவர்களுடையது இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது.

சங்கம் ஒரு குட்டி அரசாங்கமா?

தலைவர், செயலாளர், பொருளாளர், தேர்தல், கூட்டம், அபராதம், நோட்டீஸ் போர்டு எல்லாம் இருப்பதால் பார்க்க அப்படித்தான் தோன்றும். சில தலைவர்களுக்கும் தோன்றும்.

சட்டப்படி அது உறுப்பினர்களின் ஒரு சங்கம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. ஊர் நூலகச் சங்கமும் மன்றங்களும் பதிவாகிற அதே சட்டம். பதிவு செய்யும்போது ஒரு துணைவிதியைக் கொடுக்கிறோம், பைலா என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்: சங்கம் எப்படி நடக்கும், யாருக்கு ஓட்டு, பணம் எப்படிச் செலவாகும் என்கிற விதித்தொகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நான் பொறுப்புக்கு வந்தபோது எங்கள் சங்கம் நாலு வருஷமாக எதையுமே தாக்கல் செய்திருக்கவில்லை. கேட்டால், "யாரும் கேக்கலையே சார்" என்றார்கள்.

பதிவாளர் தினமும் எட்டிப் பார்க்க மாட்டார். நிர்வாகம் மோசம் என்று போதிய உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தால் விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. முற்றிப்போனால் நிர்வாகக் குழுவை ஒதுக்கிவைத்துத் தனி அலுவலரை அமர்த்த அரசுக்கே அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேர்தலில் யார் ஜெயித்தது மாதிரியான சண்டைகள் கடைசியில் பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும்.

அடுக்ககங்களுக்கென்றே தனிச் சட்டமும் உண்டு. 1994-இல் ஒன்று வந்தது, அதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை. அதன் இடத்தில் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் சட்டம் வந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதிகம் பேசப்பட்ட மாற்றம் என்னவென்றால், பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும் என்ற நிலை போய், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதம் போதும் என்று ஆனது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. உங்கள் வீட்டை இடிக்கலாமா என்பதை உங்கள் அண்டை வீட்டார் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று அரசு அனுமதிக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற ஒருத்தரின் கையெழுத்து வராமல் கூரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்த கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

சங்கத்தால் முடியாதவையும் நிறைய. அது வரி போடவில்லை, உறுப்பினர்கள் ஒத்துக்கொண்ட செலவைப் பங்கு பிரித்து வசூலிக்கிறது. பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போடலாம், ஆனால் குடிநீரையோ மின்சாரத்தையோ வெட்டி மிரட்டினால் கோர்ட்டில் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாய் வளர்க்கக் கூடாது என்று பொதுக்குழுவில் எல்லாரும் கை தூக்கினாலும் செல்லாது, விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவரைக் கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதும் முடியாது, 1948 சட்டப்படி அவருக்கு உள்ளே வர வழி விட வேண்டும். துணைவிதி சட்டத்துக்குக் கீழேதான், மேலே இல்லை.

சுருக்கமாக: பதிவு, கணக்கு, விசாரணை, இந்த மூன்றும் அரசு பக்கம். முடிவு எடுப்பதும் செலவு செய்வதும் சங்கம் பக்கம். சங்கத்துக்குக் கிடைத்த அதிகாரம் உறுப்பினர்களின் சம்மதத்திலிருந்து வந்தது, கோட்டையிலிருந்து வந்ததில்லை.

கேட்டைத் தாண்டி வரும் விதிகள்

உள்ளே நடப்பது நம் பாடு என்றாலும், வெளியே இருப்பவரைப் பாதிக்கிற அல்லது உயிருக்கு ஆபத்தான எந்த விஷயத்திலும் அரசு கேட்டில் நிற்காது.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடத்தை மொத்தக் கழிவு உருவாக்குபவர் என்று தனியாகப் பிரித்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கேட்டட் கம்யூனிட்டிகள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ வாயுவாகவோ ஆக்க வேண்டும் என்று சொன்னது அந்த விதி. மாநகராட்சி ஆட்கள் அன்றைக்கு எங்கள் கேட்டில் நின்றது இதற்காகத்தான். உள்ளே போட்டது நம் குப்பை, ஆனால் அது போய்ச் சேர்வது பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலோ கொடுங்கையூர்க் கிடங்கிலோ, அங்கே அதன் நாற்றத்தை மூக்கில் வாங்குவது வேறு மனிதர்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை எல்லாரும் எஸ்டிபி என்பார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், எஸ்டிபியை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். பில்டர் போனதும் அந்த இசைவைப் புதுப்பிப்பது சங்கத்தின் வேலை, பல சங்கங்களுக்கு இது தெரியவே தெரியாது. லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம், செக்யூரிட்டி அனுப்புகிற ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம், மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்.

பணத்திலும் அரசு உண்டு, அதுவும் சத்தமில்லாமல். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாறியபோது அடுக்ககங்களின் படி விளக்கு, லிஃப்ட், மோட்டார் மாதிரியான பொதுப் பயன்பாட்டுக்குத் தனி விகிதம் வந்தது, யூனிட்டுக்கு 8 ரூபாய். பொதுக்குழுவில் மெயின்டனன்ஸ் ஏன் ஏறியது என்று என் சட்டையைப் பிடிக்காத குறைதான். அடுத்த ஆண்டு, பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். நாங்கள் ஒன்பது மாடி.

அப்புறம் ஜிஎஸ்டி. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதப் பராமரிப்பும் 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். 9,000 ரூபாய் என்றால் முழுத் தொகைக்கும் வரியா, தாண்டிய 1,500-க்கு மட்டுமா என்று பெரிய சண்டை. முழுசுக்கும் என்றால் 1,620 ரூபாய், தாண்டியதற்கு மட்டும் என்றால் 270. தாண்டியதற்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் தீர்ப்பளித்தார்.

பில்டருக்கும் நமக்கும் நடுவில்

வீடு கட்டி முடிகிற காலத்தில் அரசு வேறு வேடத்தில் வருகிறது. 2016-இல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் ரெரா என்கிற ஒழுங்குமுறை ஆணையம் மாநிலத்துக்கு மாநிலம் அமைந்தது. தமிழ்நாட்டு ஆணையம்தான் அந்தமானுக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு செய்யாமல் விற்க முடியாது. சங்கம் அமைய வழி செய்து கொடுப்பது பில்டரின் கடமை. பெரும்பாலான வீடுகள் புக் ஆகி மூன்று மாதத்துக்குள் என்று அந்தச் சட்டம் காலமும் வைக்கிறது, மாநிலச் சட்டம் வேறு சொல்லாவிட்டால். ஒப்படைத்த பிறகு ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும்.

ஆனாலும் பல இடங்களில் பில்டர் சங்கத்தைக் கையில் கொடுக்க மாட்டார். காரணம் கார்பஸ் ஃபண்ட், அதாவது எதிர்காலப் பெரிய செலவுக்கென்று வாங்கும்போதே எல்லாரிடமும் பிடித்து வைத்த பணம். எங்களுடையதை வாங்க ஒன்றரை வருஷம் ஆனது, வட்டிக் கணக்கு கேட்டதும் போனை எடுப்பதே நின்றுவிட்டது.

அரசு ஏன் இவ்வளவையும் நம்மிடம் விட்டது?

பணக்காரர்கள் சுவர் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து பிரிந்து போனார்கள் என்பது ஒரு கதை. அது பாதிதான் உண்மை. பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். கட்டட அனுமதி முதலில் வந்தது, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பல வருஷம் கழித்து, சில இடங்களில் இன்னும் வரவே இல்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் உள்ளே வந்தன. நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் ஊராட்சிகளாகவே நின்றன. பதினைந்து மாடிக் கட்டடம் ஒரு பக்கம், அதற்கு உள்ளாட்சி என்று நாலைந்து ஊழியர்கள் வேலை பார்க்கிற ஓர் ஊராட்சி அலுவலகம் இன்னொரு பக்கம்.

ஆக தண்ணீரும் கழிவுநீரும் குப்பையும் சங்கத்தின் தலையில் விழுந்தது திட்டமிட்டு எடுத்த கொள்கையாக எனக்குத் தெரியவில்லை, இடைவெளியை நிரப்ப வேறு ஆள் இல்லை என்பதுதான் விஷயம். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது இந்தச் சாலையில் வீட்டின் விலை கோடியில் இருந்தாலும் காலை நாலு மணிக்கு வருகிற தண்ணி லாரியின் ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் கேட்டுக்குள்ளேயும் படகு போனது. வடிகால் வெளியே இருக்கிறது, வெளியே இருப்பதை வாட்ஸப் குழுவால் தூர் வார முடியாது.

அப்படியிருந்தும் எங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று ஒருமுறை பொதுக்குழுவில் கேட்டேன். அறுபது பேர் இருந்த ஹாலில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது, அதில் இரண்டு பேர் வாடகைக்கு இருப்பவர்கள்.

எதற்கு எங்கே போவது

பில்டர் தராதது, குறை வைத்தது என்றால் ரெரா. சங்கக் கணக்கில் கோளாறு என்றால் முதலில் பொதுக்குழு, பிறகு மாவட்டப் பதிவாளர், கடைசியாக கோர்ட். வெளி ரோடு, வடிகால், ஓஎஸ்ஆர் என்றால் உள்ளாட்சியும் கவுன்சிலரும். எஸ்டிபி நாற்றம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாடி வீட்டு மாமாவுக்கும் கீழ்வீட்டு மாமிக்கும் பார்க்கிங் தகராறு என்றால், ஸ்டேஷனுக்குப் போனாலும் இன்ஸ்பெக்டர் "உங்க அசோசியேஷன்ல பேசித் தீர்த்துக்கோங்க" என்றுதான் அனுப்புவார், அவர் சொல்வதும் சரிதான்.

எது யார் பேரில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின் நகல், உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகல், இந்த இரண்டும் போதும்.

நான் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். தபாலில் வந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு நீளத் துண்டு, பச்சைக் கோடு போட்டு, மாநகராட்சிக்குக் கொடுத்தது என்று எழுதியிருந்தது. அங்கே இப்போது ஷீட் போட்டு நாலு கார் நிற்கிறது. மூன்றாவது என்னுடையது.